பவுடர் கலந்தும் இறாலுக்கு ஓடு கெட்டிப்படவில்லையே?

கேள்வி: குளத்தில் குஞ்சு விட்டு ஐம்பது நாள் ஆகிறது. வைட்டமின் சி, மினரல், ப்ரோபயாடிக் (குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா), ஈஸ்ட் பவுடர் நான்கையும் தீவனத்தில் கலந்துதான் போடுகிறோம். அப்படியும் சட்டை உரித்த இறாலுக்கு ஓடு கெட்டிப்படாமல் மெத்தென்றே இருக்கிறது. இன்னும் என்ன சேர்க்கலாம்?

பதில்: புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். இப்போது கலப்பது இறாலின் வாய்க்குப் போகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் குளத்துத் தண்ணீரை எடுத்து, கலந்த தீவனத்தில் கொஞ்சம் போட்டுக் கால் மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கலங்கி அடியில் பொடி படிந்தால், நீங்கள் போட்ட பவுடர் குளத்துக்குத்தான் போயிருக்கிறது. இறால், மீன் மாதிரி லபக்கென்று விழுங்காது, காலால் பிடித்து வைத்துக்கொண்டு கொறித்துக் கொறித்துத்தான் தின்னும், அதற்குள் கரைவதெல்லாம் கரைந்துவிடும். பவுடரைத் தீவனத்தோடு ஒட்டவைக்கும் பைண்டர் சேர்த்துப் பிசறி, நிழலில் ஈரம் இழுக்கும்வரை பரப்பி வைத்துப் போடுங்கள். வைட்டமின் சி சீக்கிரம் கெடும், தண்ணீரிலும் கரையும்; பாஸ்பேட்டோடு இணைத்த வகை இருக்கிறது, அதுதான் நிலைத்து நிற்கும்.

சரி, ஓடு விஷயம். கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் இவற்றை இறால் தண்ணீரிலிருந்தே நிறைய எடுத்துக்கொள்ளும், பாஸ்பரஸ் மட்டும் பெரும்பாலும் தீவனத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். உப்பு குறைந்த குளமாக இருந்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும்தான் முதலில் பற்றாமல் போகும், அதைத் தீவனத்தில் மட்டும் கலந்து சரிக்கட்ட முடியாது. தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, எது குறைகிறதோ அதைக் குளத்திலேயே போடுங்கள்.

இறால் தீவனம் தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கி வைக்கும் செக் ட்ரேயைத் தூக்கும்போது நாலைந்து இறாலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதுகோரமாக ஓடும் குடல் தலையிலிருந்து வால்வரை அறுபடாமல் நிறைந்திருக்க வேண்டும். விட்டுவிட்டுத் தெரிந்தாலோ, தலைக்குள் இருக்கும் ஈரல் வெளுத்துச் சுருங்கியிருந்தாலோ பிரச்சினை பவுடரில் இல்லை, உடனே நோய்ப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

கேள்வி: ஈஸ்ட் பவுடர் தடுப்பூசி மாதிரி வேலை செய்யுமாமே? வெள்ளைப்புள்ளி நோய் வராதா?

பதில்: நம்மைப் போல ஒரு நோயை நினைவில் வைத்து ஆன்டிபாடி உண்டாக்கும் ஏற்பாடு இறாலுக்குக் கிடையாது. ஈஸ்ட்டின் செல்சுவரில் இருக்கும் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சேர்மத்தைக் கண்டதும் அதன் ரத்த அணுக்கள், கிருமி வந்துவிட்டது என்று உஷாராகும், அவ்வளவுதான். அந்த விழிப்பு நாள்கணக்கில்தான் நிற்கும், தினமும் விடாமல் கொடுத்தால் பலன் மங்கவும் கூடும். சில நாள் கொடுத்து, சில நாள் இடைவெளி விடுங்கள். வெள்ளைப்புள்ளி வைரஸ் 3 முதல் 10 நாளில் ஒரு குளத்தையே காலி செய்துவிடும், வந்த பிறகு அதற்கு எந்தப் பவுடரும் மருந்தில்லை. பரிசோதித்த குஞ்சை வாங்குவதும், வலை, வாளியைப் பக்கத்துக் குளத்தோடு மாற்றிக்கொள்ளாமல் இருப்பதும்தான் உண்மையான காவல்.

கேள்வி: ப்ரோபயாடிக்கோடு ஆன்டிபயாடிக்கும் கொடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். காசு கொடுத்துக் குடலுக்குள் விட்ட பேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவையும் அது சேர்த்துக் கொன்றுவிடும். அப்புறம், குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் போன்ற ஆன்டிபயாடிக்குகளை உணவுக்கு வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுக்கப் பல நாடுகளில் தடை. சதையில் துளி எச்சம் கண்டுபிடித்தாலும் மொத்த ஏற்றுமதிச் சரக்கையும் வாங்கும் நாட்டார் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.