வெள்ளாமைக் காசில் எது முதல், தசமபாகமா கடனா?

கேள்வி: அம்பாறை மாவட்டத்தில் திருக்கோவில் ஊர்ப்பக்கம் எங்கள் வீடு. மூன்று ஏக்கர் வெள்ளாமை வெட்டி நெல் விற்றதில் 4,80,000 ரூபாய் வந்தது. உரக்கடைக்கு 1,35,000, உழவுக்கும் வெட்டு மிஷினுக்கும் 75,000 கொடுக்க வேண்டும். விதைப்புக்கு மாதம் நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு எடுத்த ஒரு லட்சமும் ஆறு மாத வட்டியும் அப்படியே நிற்கிறது. வரவில் பத்தில் ஒன்றாகச் சபைக்குக் கொடுக்கிற தசமபாகம் 48,000 வருகிறது. ஆலயக் கூரைக்கு 50,000 தருவதாகப் பொருத்தனையும் செய்திருக்கிறேன். அது என் கணவருக்குத் தெரியாது. கடனை முதலில் கட்டுவோம் என்கிறார் அவர். கர்த்தருக்கு உண்மையில்லாதவளாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சகோதரி, அந்த 48,000 என்ற கணக்கிலேயே பிழை இருக்கிறது. ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்து, கணவரையும் பக்கத்தில் இருத்தி எழுதிப் பாருங்கள். வந்தது 4,80,000. உரக்கடை, உழவு, மிஷின் போக 2,70,000. வட்டிக்காரருக்கு முதலும் வட்டியுமாக 1,30,000 போக, மிஞ்சுவது 1,40,000. இந்தப் போகத்தில் கர்த்தர் உங்களுக்குத் தந்தது இதுதான். அதில் பத்தில் ஒன்று 14,000. மற்றதெல்லாம் உங்கள் கைக்கு வந்திருக்கிற பிறர் காசு. அதை எடுத்துக் காணிக்கை வைக்கக் கூடாது.

வயலின் எல்லாப் பலனிலும் பத்தில் ஒன்று என்றுதானே வேதத்தில் உபாகமம் 14 சொல்கிறது என்று கேட்பீர்கள். சரி. ஆனால் ஏழைக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்காதே என்று யாத்திராகமம் 22இல் சொல்வதும் மோசேயின் அதே நியாயப்பிரமாணம்தான். மாதம் நூற்றுக்கு ஐந்து கட்டிக்கொண்டு வெள்ளாமை செய்கிற குடும்பத்திடம், ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்போஸ்தலனாகிய பவுலும் வரவுக்குத் தக்கதாகச் சேர்த்து வைக்கத்தான் சொல்கிறார் (1 கொரிந்தியர் 16).

2 இராஜாக்கள் 4ஐயும் வாசியுங்கள். கடன் கொடுத்தவன் பிள்ளைகளைப் பிடித்துப் போக வந்த வீட்டில், ஒரு குடம் எண்ணெய் பாத்திரம் பாத்திரமாகப் பெருகியது. பிறகு தீர்க்கதரிசி எலிசா அந்த வீட்டு விதவைக்குச் சொன்னது, எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீந்ததில் நீயும் பிள்ளைகளும் சீவியுங்கள் என்பதுதான். அற்புதத்தில் வந்த எண்ணெய்க்கே முதல் செலவு கடன். தனக்கென்று அவர் ஒரு கிண்ணம்கூடக் கேட்கவில்லை.

ஆகவே முதலில் வட்டிக்காரரிடம் போங்கள். இன்னும் ஒரு வருடம் இழுத்தால் வட்டி மட்டும் 60,000. நீங்கள் பொருத்தனை செய்த கூரைக் காசைவிட அது அதிகம். அதே கிழமையில் உரக்கடைக் கணக்கையும் தீர்த்துவிடுங்கள். உங்களை நம்பிக் கடனுக்கு உரம் தூக்கித் தந்த முதலாளிக்குச் சொன்ன நாளில் காசு கொடுப்பதும் கர்த்தருக்கு முன்பாக உண்மையாக இருப்பதுதான்.

கர்த்தருக்கு முதலிடம் கொடுக்கவில்லையே என்று மனம் உறுத்தினால், வீட்டுக்கு வைத்த நெல்லில் ஒரு மூடையை இந்த ஞாயிறே ஆலயத்துக்குக் கொண்டுபோய் வையுங்கள். முதற்பலனாக அது போதும். 14,000ஐக் கணக்குத் தீர்ந்த பிறகு கொடுங்கள். மிச்சம் 1,26,000இல் அடுத்த விதைப்புக் காசை வேறாக எடுத்து வங்கியில் போட்டுவிடுங்கள். வீட்டில் வைத்தால் நிற்காது. அந்தக் காசு நின்றால்தான் மறுபடியும் ஐந்து வட்டிக்குப் போகாமல் இருக்கலாம்.

பொருத்தனையைத் தள்ளிவிடச் சொல்ல மாட்டேன். செய்த பொருத்தனையைச் செலுத்தச் சொல்கிறது பிரசங்கி 5. ஆனால் கணவருக்குத் தெரியாமல் செய்ததுதான் இதில் பெரிய சிக்கல். நான் சபைப் பொருளாளராக இருந்த காலத்தில் ஒரு பெண் தடித்த கவர் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். கணவர் வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார், உள்ளே வரவில்லை. இரண்டு கிழமையில் அதே பெண், பிள்ளையின் வகுப்புக் காசுக்குச் சபையில் கடன் கிடைக்குமா என்று கேட்டு வந்தார். நான் அன்றே அந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்து, இருவரையும் உட்காரவைத்துப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அது இன்றும் என் மனதில் கிடக்கிறது.

அதனால் இன்றிரவே அவரிடம் சொல்லிவிடுங்கள். கோபப்படுவார்; படட்டும். அப்புறம் இருவருமாகப் போதகரிடம் போய், கொப்பியைத் திறந்து காட்டி, 50,000ஐ ஐந்து போகத்தில் பத்துப் பத்தாயிரமாகத் தருகிறோம் என்று கேளுங்கள். இந்தப் போகத்துப் பத்தாயிரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பற்றுச்சீட்டை உங்கள் இருவர் பெயரிலும் எழுதச் சொல்லுங்கள்.