மசக்கை குறைந்ததும் மனம் கலங்குகிறது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

பாபநாசம் அருகே ஒரு கிராமத்தில் மாமியாருடன் வசிக்கிறேன். கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். தலைச்சன் பிள்ளை, ஒன்பதாவது வாரம். பக்கத்து ஆலையில் நெல் அவிக்கும் வாடை வந்தாலே குடலைப் புரட்டிய எனக்கு, சில நாட்களாக அது ஒன்றும் செய்வதில்லை. வாயில் துருப்பிடித்த இரும்பின் ருசி. எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது. பூஜை மாடத்துத் திருநீற்றை யாருக்கும் தெரியாமல் அள்ளித் தின்கிறேன். நாத்தனாருக்குக் கரு கலைந்தபோது மசக்கைதான் முதலில் நின்றது என்று மாமியார் சொன்னது மனத்தை விட்டு அகலவில்லை. உதிரம் பட்டிருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே கழிப்பறைக்குப் போய்ப் போய் வருகிறேன். போன வாரம் ஸ்கேனில் இதயத் துடிப்பு இருப்பதாக டாக்டர் சொன்ன நிம்மதி, வீடு வந்து சேரும்வரைகூடத் தங்கவில்லை. எனக்கு மனநோயா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் தெரிவது பதற்றம். முதல் கர்ப்பத்தில், கணவரும் அருகில் இல்லாத நிலையில், அது வருவதில் வியப்பில்லை. மசக்கை பெரும்பாலும் ஆறாவது வாரத்தை ஒட்டித் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தை ஒட்டி உச்சம் தொட்டு, பிறகு தணியும். இடையில் சில நாள் அடங்கிச் சில நாள் திரும்புவதும் உண்டு. குமட்டல் குறைந்தது என்பதை மட்டும் வைத்துக் கரு கலைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இரும்பு ருசியும் எச்சில் ஊறலும் இந்தக் காலத்தில் பலருக்கு வருபவை. துடிப்பு தெரிந்த பின் கரு கலையும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. அறவே இல்லை என்று எந்த மருத்துவரும் உறுதி தரமாட்டார். உங்கள் மனம் கேட்பதோ அந்த உறுதியைத்தான். கழிப்பறைக்குப் போய்ப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் ஆறுதல் சில நிமிடங்களில் கரைந்துவிடுவதால், மறுபடி பார்க்கச் சொல்லி மனம் நச்சரிக்கிறது. ஆகவே, உந்துதல் எழும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். பிறகு அந்த இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டுங்கள். உதிரப்போக்கு, கடும் அடிவயிற்று வலி, மயக்கம், காய்ச்சல், தண்ணீர்கூடத் தங்காத வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். இவற்றைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். வந்தால் தாமாகவே தெரியும்.

ஆரம்பத்தில் கலையும் கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவை குரோமோசோம் கோளாறால் கலைபவை; தாயின் பயமோ வீட்டு வேலையோ அவற்றுக்குக் காரணமல்ல. இதை உங்கள் மாமியாரிடமும் சொல்லலாம். மகளுக்கு நேர்ந்ததற்கு அவர் இன்னும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் வெட்கப்பட்டு மறைக்கும் திருநீறுதான் நான் உடனே கவனிக்கச் சொல்வது. சாம்பல், மண், பச்சரிசி மீதான வேட்கை பல நேரங்களில் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வரும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் தயங்காமல் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 11 கிராமுக்குக் கீழே இருந்தால் அது இரத்தச்சோகை, உரிய மாத்திரை தருவார்கள். தூக்கமின்மையும் பதற்றமும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கணவரோடு செல்லுங்கள். அதற்கு முன்பே, நள்ளிரவில் கைப்பேசியில் தேடத் தோன்றினால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.