முயலுக்கு நாய் மருந்து வேண்டாம்: தெள்ளு பற்றி மலையிலிருந்து வந்த கேள்விகள்

ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கும் சமயத்தில் எனக்கு வரும் கேள்விகளில் முயல் தெள்ளு பற்றியவை கூடிவிடும். மலையில் முயல் வளர்ப்பு புதிதல்ல. நீலகிரியில் சாண்டிநல்லாவிலும் கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூரிலும் உள்ள ஆராய்ச்சி நிலையங்கள் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயன்ட் போன்ற இனங்களை வளர்த்து வந்திருக்கின்றன. பண்ணையில் இருந்த முயல் இப்போது பல வீடுகளில் செல்லப்பிராணியாகவும் ஆகிவிட்டது. ஆனால் மருந்துக் கடைக்குப் போனால் கிடைப்பதெல்லாம் நாய்க்கும் பூனைக்கும் உள்ளதுதான். அங்கேதான் ஆபத்து. அதனால் முதல் கேள்வியை அவசரம் கருதி முதலில் வைத்திருக்கிறேன்.

டாக்டர், எங்கள் நாய்க்கு வாங்கிய தெள்ளு சொட்டு மருந்து பாதி டியூப் மீதம் இருக்கிறது. முயல் நாயைவிடச் சின்னது என்பதால் இரண்டே சொட்டு விட்டால் போதுமா? (கோத்தகிரி வாசகி)

விடாதீர்கள் அம்மா. ஒரு சொட்டும் வேண்டாம்.

முதலில் அந்த டியூபின் அட்டைப்பெட்டியைத் தேடி எடுங்கள். பெரிய எழுத்தில் உள்ள கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். ஃபிப்ரோனில் என்று இருந்தால் அது முயலுக்கு விஷம். நாய்க்கும் பூனைக்கும் எத்தனையோ வருடமாகப் பயன்பட்டு வரும் அதே மருந்து, முயலின் நரம்பு மண்டலத்தைத் தாக்கிவிடும். தீவனம் எடுக்காது, மூலையில் சுருண்டு உட்காரும், நடுங்கும், வலிப்பு வரும், செத்தும் போகும். இதெல்லாம் உடனே தெரிய வேண்டும் என்றில்லை, சில நாள் கழித்தும் வரலாம். அதனால் "நேற்றே விட்டேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் அதை நம்பி விடாதீர்கள். அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கும் இதில் செல்லாது.

இதைப் படிப்பவர்களில் யாராவது ஏற்கெனவே விட்டிருந்தால்: மருந்து பட்ட இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் மிதமான சோப்பிலும் கழுவுங்கள். தோல்வரை ஈரம் இல்லாமல் துண்டால் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். அந்த இடத்தை அது நக்காமல் பார்த்துக்கொண்டு, டியூபையும் அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, எதைத்தான் விடுவது? இமிடாகுளோப்ரிட் மட்டும் உள்ள சொட்டு மருந்துக்கு பிரிட்டனில் செல்ல முயலுக்கென்றே அனுமதி உண்டு. 10 வாரத்துக்குக் குறைந்த குட்டிக்கு விடக் கூடாது என்பது அங்கே நிபந்தனை. செலமெக்டினையும் மருத்துவர்கள் முயலுக்குப் பயன்படுத்துகிறார்கள். இரண்டையுமே முயலை எடைபோட்டுப் பார்த்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள்: நாய்க்கான சில டியூப்களில் இமிடாகுளோப்ரிட்டோடு பெர்மெத்ரின் என்ற வேறொரு பூச்சிமருந்தும் சேர்ந்திருக்கும். பாதிப் பெயரை மட்டும் கேட்டுவிட்டு அதை வாங்கி வந்துவிடாதீர்கள். தெள்ளுப் பட்டை, தெள்ளுப் பவுடர், தெள்ளு ஷாம்பு எதுவும் முயலுக்கு ஆகாது.

மருந்தைப் பிடரியில், தலை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், ரோமத்தை விலக்கித் தோலில் விட வேண்டும். அங்கேதான் அதன் வாய் எட்டாது. ஆனால் ஜோடி முயலின் வாய் எட்டும். இரண்டும் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும் என்பதால் மருந்து காயும்வரை தனித்தனியாக வையுங்கள். உங்கள் நாய்க்கு அந்த மீதி மருந்தை விட்டாலும் இதே கதைதான். நாயின் முதுகு காயும்வரை முயல் பக்கத்தில் விடாதீர்கள். கறிக்காக வளர்க்கும் முயல் என்றால் அதை மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அவர் முடிவே மாறும்.

ஊட்டியில் விடிகாலையில் புல்லெல்லாம் உறைபனி. இந்தக் குளிரில் தெள்ளு எப்படி உயிரோடு இருக்கிறது? (ஊட்டி வாசகர்)

வெளியே புல்லில் கிடக்கும் தெள்ளு அந்தக் குளிரில் பிழைப்பது கஷ்டம்தான். ஆனால் உங்கள் முயலின் ரோமத்துக்குள் இருக்கும் தெள்ளுக்கு உறைபனி இல்லை. அது முயலின் உடம்புச் சூட்டில் இருக்கிறது. அதன் முட்டைகளோ உங்கள் ஹீட்டர் ஓடும் அறையில் இருக்கின்றன.

முயல் மேல் கண்ணுக்குத் தெரியும் தெள்ளு மொத்தத்தில் சுமார் 5 சதவீதம்தான். மீதியெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாக வீட்டில் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகூட இடும். முட்டை ரோமத்தில் ஒட்டாமல் வழுக்கிக் கீழே விழும். கூண்டுக்கு அடியில், பலகை இடுக்கில், கம்பளத்தில், சோபா மடிப்பில். புழு வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளியும், பெரிய தெள்ளு போடும் எச்சத்தில் உள்ள காய்ந்த இரத்தத்தைத் தின்று வளரும். கூடு கட்டிவிட்டால் பல மாதம் அப்படியே கிடக்கும்.

சமவெளிச் சூட்டில் மூன்று நான்கு வாரத்தில் முடியும் இந்தச் சுற்று, நம் குளிர்ந்த அறைகளில் நீண்டுகொண்டே போகும். குளிர் தெள்ளைக் கொல்வதைவிட அதன் காலத்தை இழுத்துவிடுகிறது. அதனால்தான் மலைவீடுகளில் ஒரு தடவை மருந்து விட்டு, பத்து நாள் நிம்மதியாக இருந்து, மறுபடியும் ஆரம்பித்துவிட்டதே என்று வருகிறார்கள். இங்கே மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தீரும்.

செய்ய வேண்டியது இதுதான். கூண்டின் வைக்கோல், பழைய சாக்கு எல்லாவற்றையும் எடுத்து எரித்துவிடுங்கள். துணிகளை 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். வெயிலில் காயப்போட்டால் போதும் என்பது சமவெளிக்காரர்கள் சொல்வது, மூடுபனி நாளில் அது நடக்காது. மரக்கூண்டு என்றால் முயலை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, கொதிக்கும் தண்ணீரைப் பலகை இடுக்குகளில் ஊற்றிக் காயவிடுங்கள். இரும்புக் கம்பிக் கூண்டென்றால் பண்ணையில் செய்வதுபோல் தீக்காட்டலாம். தரையை ஒருநாள் விட்டு ஒருநாள் வாக்யூம் கிளீனரால் இழுத்து, பையை உடனே கட்டி வெளியே போட்டுவிடுங்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் அதற்கும் அதே நாளில் அதற்குரிய மருந்து. பெரும்பாலும் முயலுக்கு வருவது பூனைத் தெள்ளுதான், பூனையை விட்டுவிட்டு முயலுக்கு மட்டும் வைத்தியம் பார்ப்பது வீண்.

டாக்டர் அங்கிள், என் முயலுக்கு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினால் பூச்சி போய்விடுமா? அம்மா கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். (கேத்தி, ஏழாம் வகுப்பு மாணவர்)

வேண்டாம் தம்பி. முயல் நனைந்தால் உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும், பயத்திலேயே உயிர் போகலாம். திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியும். நீ செய்யக்கூடிய நல்ல வேலை ஒன்று இருக்கிறது. பேன் சீப்பு ஒன்றும், சோப்புத் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் ஒன்றும் எடுத்துக்கொள். அம்மா மடியில் துண்டு போட்டு முயலைப் பிடித்துக்கொள்ளட்டும். கழுத்தின் பின்பக்கம், வாலுக்கு மேலே, இந்த இரண்டு இடத்திலும் மெதுவாகச் சீவு. சீப்பில் சிக்கும் ரோமத்தை அப்படியே கிண்ணத்தில் முக்கு, தெள்ளு தாவாமல் மூழ்கிவிடும். முயலின் தோல் ரொம்ப மெல்லியது, சிக்கு இருந்தால் இழுக்காதே. தினமும் இதைச் செய்.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் நீலகிரித் தைலம்தான். முயலுக்கும் கொஞ்சம் தடவினேன், தும்முகிறது. வேப்பெண்ணெய் தடவலாமா? (குன்னூர் வாசகர்)

தைலத்தை உடனே நிறுத்துங்கள். நமக்குச் சளிக்குச் சுகமாக இருக்கும் அந்தக் காரம், மூக்கால் மட்டுமே மூச்சு விடும் முயலுக்குத் தாங்காது. அதோடு, உடம்பில் தடவும் எதையும் முயல் நக்கி விழுங்கிவிடும். தைலம் வயிற்றுக்குள் போனால் விஷம். விண்டர்கிரீன் எண்ணெய், கற்பூரம், அந்துருண்டை எல்லாம் இதே வரிசைதான். கூண்டுக்கு அடியில் யூகலிப்டஸ் இலை பரப்புகிறார்கள், அதுவும் வேண்டாம். வேப்பெண்ணெயும் நக்கிய வாயோடு உள்ளே போகும், தெள்ளும் முழுதாக ஒழியாது.

தடவிய இடத்தை ஈரத் துணியால் பலமுறை துடைத்து உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தும்மல் அடங்கவில்லை என்றாலோ, அரை நாளாகத் தீவனம் தொடவில்லை, புழுக்கை போடவில்லை என்றாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். முயலின் குடல் நின்றுபோனால் நேரம் மிகக் குறைவு.

முயல் ஓயாமல் சொறிகிறது. காதுக்குள் பழுப்பு நிறத்தில் அடை அடையாக இருக்கிறது. ஐவர்மெக்டின் ஊசி போட்டார்கள். காது தேறியது, ஆனால் சொறிவது நிற்கவில்லை. (கூடலூர் வாசகர்)

உங்கள் முயலுக்கு இரண்டு தொல்லை சேர்ந்து இருந்திருக்கலாம். காதில் அடைபோல் கட்டுவது காதுச் சிரங்குப் பூச்சி. மூக்கு நுனியிலும் பாதத்திலும் வெள்ளையாகப் பொருக்குக் கட்டினால் அது சொறிச் சிரங்கு. இரண்டுக்கும் ஐவர்மெக்டின் நன்றாகக் கேட்கும், பத்துப் பதினான்கு நாளில் மறுபடி போடவும் வேண்டும். ஆனால் தெள்ளுக்கு அது எடுபடாது. ஊசி போட்டவர் மேல் தவறில்லை, அவர் பார்த்த நோய்க்குச் சரியான மருந்துதான். (காது அடையை விரலால் பிய்த்து எடுக்காதீர்கள், உயிர் போகிற வலி அது. பூச்சி செத்தால் தானே உதிரும்.)

தெள்ளு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். முயலை வெள்ளைக் காகிதத்தின் மேல் நிறுத்தி வாலடி ரோமத்தை எதிர்ப்பக்கமாகச் சீவுங்கள். மிளகுத்தூள் போலக் கறுப்பாக உதிரும். அதன் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். மண் என்றால் மண்ணாகவே கரையும். தெள்ளின் எச்சம் என்றால் துகளைச் சுற்றிச் செம்பழுப்பாக வளையம் பரவும், அது உங்கள் முயலின் இரத்தம். இதைப் பார்த்துவிட்டால் அப்புறம் சந்தேகம் வேண்டாம். கூடலூர் ஊட்டியைவிடச் சூடான இடம், வருடம் முழுக்கத் தெள்ளு பெருகும். உருண்டையாகச் சாம்பல் நிறத்தில் தோலில் கவ்விக் கிடந்தால் அது உண்ணி, அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சீசன் முடிந்து பூட்டிக் கிடந்த காட்டேஜை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். கதவைத் திறந்து உள்ளே போன அரை மணியில் கணுக்காலெல்லாம் கடி. முன்பு இருந்தவர்கள் பூனை வளர்த்தார்களாம். எங்கள் இரண்டு முயல்களை அங்கே கொண்டுபோகலாமா? (கொடைக்கானல் வாசகி)

இப்போது வேண்டாம். ஆளில்லாத வீட்டில் கூட்டுக்குள் காத்துக் கிடந்த தெள்ளு, காலடி அதிர்வும் மூச்சுக்காற்றும் உடம்புச் சூடும் பட்டதும் மொத்தமாக வெளியே வரும். உங்களைக் கடித்தது அதுதான். கூட்டுக்குள் இருக்கும்வரை எந்த ஸ்பிரேயும் அதைத் தொடாது. அதனால் அவற்றை வெளியே வரவைத்துப் பிடிக்க வேண்டும். ஜன்னலை மூடி, அறையைச் சூடாக்கி, தினமும் வாக்யூம் போடுங்கள். மரத்தரை என்றால் பலகைகளுக்கு இடையே உள்ள கோட்டில் குழாய் முனையை வைத்து இழுங்கள். பிறகு தெள்ளின் முட்டையையும் புழுவையும் வளரவிடாமல் தடுக்கும் பைரிப்ராக்சிஃபென் அல்லது மெத்தோப்ரீன் கலந்த ஸ்பிரேயைத் தரையில் அடிக்கச் சொல்லுங்கள்.

வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு அறை அறையாக நடந்து பாருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் சாக்ஸில் ஒரு தெள்ளும் ஏறவில்லை, தரை காய்ந்து வாடையும் போய்விட்டது என்றால் முயல்களைக் கொண்டுவரலாம். கடிபட்டவர் யாருக்காவது காய்ச்சல் வந்தால், வீட்டில் தெள்ளு இருந்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் கிடந்த காட்டு முயல் குட்டியை மகன் எடுத்து வந்துவிட்டான். அதன் மேல் பூச்சி தெரிகிறது. (குந்தா வாசகர்)

எடுத்த இடத்திலேயே இன்று மாலைக்குள் விட்டுவிடுங்கள். அது நம் கூண்டு முயலின் இனமே அல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். தாய் பகலில் குட்டியைத் தனியே விட்டுத்தான் போகும், அநாதை என்று நினைக்க வேண்டாம். மகனின் துணியைச் சுடுதண்ணீரில் போட்டுவிட்டு, கையைக் கழுவிய பிறகு உங்கள் கூண்டுப் பக்கம் போகச் சொல்லுங்கள். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

முயல் ஆறு குட்டி போட்டு நான்கு நாள் ஆகிறது. தாய் மேல் தெள்ளு. குட்டிகள் மேலும் ஓடுகிறது. என்ன மருந்து விடலாம்? (அரவேணு வாசகி)

குட்டிக்கு எந்த மருந்தும் கிடையாது. தாய்க்கும் பால் கொடுக்கும் காலத்தில் மருத்துவர் பார்க்காமல் எதுவும் விடாதீர்கள். ஆனால் இதைத் தள்ளிப்போடவும் கூடாது. அத்தனை சின்ன உடம்பில் இரத்தமே கொஞ்சம்தான், பத்து இருபது தெள்ளு உறிஞ்சினாலே சோகை பிடித்துவிடும்.

தாய் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை, சில நிமிடம் மட்டுமே பால் கொடுக்கும். மீதி நேரமெல்லாம் உங்களுக்கு வேலை செய்ய நேரம் இருக்கிறது. அறையைச் சூடாக்கிவிட்டு, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றி ஒரு அட்டைப்பெட்டியில் வையுங்கள். குட்டிகளை ஒவ்வொன்றாக எடுங்கள். கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்று பயப்பட வேண்டாம், வளர்ப்பு முயல் அப்படிச் செய்வது அபூர்வம். இப்போதுதான் ரோமம் முளைக்கிறது, தெள்ளு நன்றாகத் தெரியும். அக்குள், தொடை மடிப்பு, கழுத்துக்கு அடியில் பாருங்கள். ஈரப் பஞ்சின் நுனியால் ஒற்றி எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். முடித்த குட்டியைச் சூட்டுப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

குட்டிப் பெட்டியின் பழைய புல்லும் ரோமமும் அத்தனையும் போக வேண்டும். பெட்டியைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்து, மென்மையான புதுக் காய்ந்த புல் நிரப்பி, தாயைச் சீவும்போது வரும் ரோமத்தில் தெள்ளு இல்லாததாகப் பார்த்துக் கொஞ்சம் மேலே பரப்புங்கள். இதை இரண்டு நாளைக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். தாயைத் தினமும் சீப்பால் சீவுங்கள்.

எடுக்கும்போதே குட்டியின் வாயை மெல்லத் திறந்து ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தாலோ, மற்ற குட்டிகள் துள்ளும்போது ஒன்று மட்டும் சில்லென்று அசையாமல் கிடந்தாலோ, காலைவரை காத்திருக்காமல் தாயையும் குட்டிப் பெட்டியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். வழியில் வெந்நீர்ப் பாட்டில் ஆறிப்போகும், மாற்ற ஒரு பிளாஸ்க்கில் சுடுதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.