வாசகர் கேள்வி பதில்: வாயப் பொளந்துக்கிட்டு கிடக்குற காடைக்குஞ்சு

கேள்வி: அண்ணே, நாங்க பர்மாவுல பெகு பக்கம். நூறு காடைக்குஞ்சு, ஒரு நாள் குஞ்சா வாங்கியாந்து தகரக் கொட்டாய்ல அட்டைப்பெட்டிக்குள்ள விட்டு இன்னைக்கு அஞ்சு நாளு. வித்தவரு முத வாரம் சூடு குறையவே கூடாதுன்னாரு, அதனால கரண்டு இருக்குற நேரமெல்லாம் பகல் ராத்திரி பாக்காம அறுபது வாட் பல்பு எரியுது. ரெண்டு நாளா மத்தியானம் ஆனா வாயப் பொளந்துக்கிட்டு ரெக்கைய விரிச்சு கிடக்குதுங்க, பதினாலு போயிருச்சு. பாவமா இருக்கேன்னு கிண்ணத்துல ஐஸ் தண்ணி வச்சேன், அதுலயும் மூணு விழுந்து செத்துச்சு. பக்கத்துக் கூண்டுல மூணு வாரக் காடை அறுபது நிக்கிது, அதுங்களுக்கும் மூச்சு வாங்குது. என்ன செய்யிறது?

பதில்: தங்கச்சி, வித்தவரு பொய் சொல்லல. முத வாரம் குஞ்சுக்கு 35லேர்ந்து 37 டிகிரி வேணும், அப்புறம் வாரத்துக்கு மூணு டிகிரி கணக்குல கொறச்சுக்கிட்டே வரணும். ஆனா அந்தச் சூடு பல்புலேர்ந்துதான் வரணும்னு குஞ்சு கேக்கல. திஞ்ஜான் தண்ணித் திருவிழா வர்ற ஏப்ரல் மாசத்துல நம்ம பக்கம் மத்தியானம் வெளியவே 38 தொடுது, தகரத்துக்கு அடியில இன்னும் மேல, அதுக்குள்ள காத்துப் போகாத அட்டைப்பெட்டி, அந்தப் பெட்டிக்குள்ள ஒரு பல்பு, இட்லி அவிக்கிற மாதிரில்ல இருக்கு!

பகல்ல பல்ப அணை, ராத்திரி மறக்காம போடு, விடியக்காலைல குளுரும். எப்ப அணைக்க எப்ப போடன்னு குஞ்சே சொல்லும், ராத்திரி பத்து மணிக்கு சத்தம் போடாம போய்ப் பாரு, பல்புக்கடியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு கீச்சுகீச்சுனா குளுரு, பல்ப விட்டு ஓரத்துக்குப் போயி ஒட்டிக்கிட்டு வாயத் தொறந்துருந்தா சூடு, பரவலா படுத்துத் தூங்குனா நீயும் போய்த் தூங்கு. அந்த அட்டைப்பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு மூங்கில் தட்டியால வட்டமா அடைச்சு, ஒரு ஓரத்துல மட்டும் பல்பு தொங்க விடு, வேணுங்கறது கிட்ட போகும், வேணாங்கறது தள்ளிப் படுக்கும்.

தண்ணி விஷயத்துலதான் நம்மாளுங்க நெறைய தப்பு பண்றாங்க (நானும் ஒரு தடவ சோத்துத் தட்டுல தண்ணி வச்சு அழுதிருக்கேன்). பொறந்த காடைக்குஞ்சு ஏழெட்டு கிராம்தான் இருக்கும், கட்டை விரல் சைசு, ஒரு இஞ்ச் ஆழமே அதுக்குக் கிணறு. மூடி மாதிரி தட்டையான பாத்திரத்துல கோலிக்குண்டு இல்ல கூழாங்கல்ல நெரப்பி வை, இடுக்குல இருக்குற தண்ணிய மட்டும் குடிக்கும். ஐஸ் வேணாம், பானைத் தண்ணி போதும், ஆனா வெயில்ல சூடான தண்ணியக் குடிக்காது, அதனால மத்தியானத்துல ரெண்டு மூணு தடவ மாத்து. கோழிக்குக் குடுக்குற எலெக்ட்ரோலைட் (உப்புச்சத்து) பவுடர பாக்கெட்ல போட்டிருக்குற அளவுக்குக் கலந்து பகல்ல மட்டும் குடு.

இப்ப அந்த மூணு வாரக் காடைக்கு வர்றேன், நெசமா வெயில்ல கஷ்டப்படுறது அதுங்கதான். றெக்கை முளைச்சுருச்சு, ஆனா காடைக்கு வேர்வை கிடையாது, மூச்சு வாங்கித்தான் சூட்ட வெளியேத்தும். காத்துல ஈரம் கூடுனா அந்த வழியும் அடைபட்டுரும். அதனால கொட்டாய்க்குள்ள எங்க பாத்தாலும் தண்ணி தெளிக்காத! ஈரச்சாக்க காத்து வர்ற பக்கம் மட்டும் தொங்கவிட்டு மத்த பக்கத்தத் தொறந்து வை. தகரத்து மேல ஓலையப் பரப்பு, கரண்டு போய் ஃபேன் நின்னாலும் அந்த ஓலை குடுக்குற குளிர்ச்சி நிக்காது. நீ தீனிய வீசை கணக்குல வாங்கி வச்சிருப்ப, அத மத்தியானத்துல கொட்டாத, செரிக்கிறப்ப ஒடம்பு இன்னும் சூடாகும். பதினோரு மணிக்கு எடுத்துட்டு அஞ்சு மணிக்கு மேல திரும்ப வை. நெருக்கமா இருந்தா கூண்டப் பிரிச்சு ரெண்டாக்கு.

ஒண்ணு மயங்கிச் சாஞ்சா தண்ணிக்குள்ள முக்காத. நெழலுக்குக் கொண்டுபோயி கால மட்டும் நனைச்சு, தெளிஞ்சு தலையத் தூக்குனப்பறம் அலகுல ஒரு சொட்டு தண்ணி தொட்டு வை.

அப்புறம், அந்தப் பதினாலும் மத்தியானத்துலதான் செத்துச்சா? காலைலயும் செத்துக் கிடந்து பின்பக்கம் வெள்ளையா பீச்சி ஒட்டியிருந்தா வெயில் மேல பழி போடாத, அது வேற சீக்கு, அன்னைக்கே செத்த குஞ்ச எடுத்துக்கிட்டு கால்நடை டாக்டர்கிட்ட போ.