யூனிசைக்கிள் பழக ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்; எதைக் கேட்பது?

கேள்வி: ஒற்றைச் சக்கர வண்டியான யூனிசைக்கிள் பழகத் தொடங்கியிருக்கிறேன். வயது 38. ஓட்டத் தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒருவர் 20 அங்குலச் சக்கரம் வாங்கு என்கிறார், இன்னொருவர் 24 என்கிறார். சுவரைப் பிடித்துப் பழகு என்றும் சொல்கிறார்கள், சுவர்ப் பக்கமே போகாதே என்றும் சொல்கிறார்கள். ஏறும்போது பின் பெடலை அழுத்த வேண்டுமா, கூடாதா என்பதில்கூட ஒற்றுமை இல்லை. யார் சொல்வதை நம்புவது?

பதில்:

உங்களுக்கு யோசனை சொன்னவர்களில் பெரும்பாலோர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவரவர் ஓட்டும் சக்கரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்வதால்தான் ஒருவர் பேச்சும் இன்னொருவர் பேச்சும் இடிக்கின்றன. இந்த வண்டியில் செயினும் இல்லை, மிதிக்காதபோதும் சக்கரத்தை உருளவிடும் பிரீவீலும் இல்லை. பெடலைத் தாங்கும் தண்டான கிராங்க், சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் நேராகப் பூட்டப்பட்டிருப்பதால், சக்கரம் சுற்றும் வரை காலும் சுற்றியாக வேண்டும். கால் நின்றால் சக்கரமும் நின்றுவிடும். எனவே சக்கரத்தின் விட்டமும் கிராங்கின் நீளமும் மாறினால், பெயர் ஒன்றாக இருந்தாலும் கையாளும் முறை வேறாகிவிடுகிறது. யார் யோசனை சொன்னாலும், அவர் எத்தனை அங்குலச் சக்கரம் ஓட்டுகிறார், கிராங்க் எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தரையில் ஓட்டுகிறார் என்ற மூன்றையும் முதலில் கேட்டுவிடுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சக்கரத்திலிருந்தே தொடங்குகிறேன். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.6 மீட்டர் நகரும். 36 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 2.87 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முதலாவதில் மணிக்கு 6 கிலோமீட்டருக்கும் குறைவாகத்தான் போக முடியும், அதாவது வேகமாக நடப்பவர் உங்களைத் தாண்டிப் போய்விடுவார். இரண்டாவதில் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் போகலாம். 2015இல் இங்கிலாந்தின் சாமர்செட்டிலிருந்து கிளம்பி, மூட்டை முடிச்சுகளையும் வண்டியிலேயே கட்டிக்கொண்டு உலகைச் சுற்றி 2018இல் ஊர் திரும்பிய எட் பிராட் என்ற இளைஞர் ஓட்டியது 36 அங்குல வண்டிதான். ஆனால் அந்தச் சக்கரத்தைச் சுழல வைப்பதற்கும் நிறுத்துவதற்கும் தேவைப்படும் பலம், பழகுபவரின் காலுக்கு இன்னும் வந்திருக்காது. 24 அங்குலத்தைச் சிபாரிசு செய்பவர் பெரும்பாலும் பந்தயத்தில் ஊறியவராக இருப்பார். சர்வதேச யூனிசைக்கிள் கூட்டமைப்பின் தடகளப் பந்தயங்களில் பெரியவர்களுக்கான அளவு அதுதான். டயரின் வெளிவிட்டம் 618 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, கிராங்க் 125 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று விதியே இருக்கிறது. உங்கள் உயரம் ஆறடிக்கு அருகில் இருந்து, பழகும் இடம் வழுவழுப்பில்லாத தரையாக இருந்தால் 24இலும் பழகிவிடலாம். மற்றபடி என் வாக்கு 20 அங்குலத்துக்கே. கீழே இறங்குவது எளிது, சக்கரம் சொன்னபடி கேட்கும், பழகி முடித்த பிறகும் பின்னோக்கி ஓட்டுவது, நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடிச் சமாளிப்பது போன்ற வித்தைகளுக்கு அதே வண்டி உதவும். நான் இப்போது வெளியே போக 29 அங்குலத்தையே எடுக்கிறேன் என்றாலும், வீட்டிலிருக்கும் 20 அங்குலத்தை விற்க மனம் வந்ததில்லை.

கிராங்க் பற்றிய சண்டையும் இதே கதைதான். நீளமான கிராங்க் நெம்புகோல்போல் வேலை செய்வதால் மேடு ஏறவும் வேகத்தை அடக்கவும் எளிது. ஆனால் கால் பெரிய வட்டம் போட வேண்டியிருப்பதால் இடுப்பு ஆடும். குட்டையான கிராங்கில் கால் தடங்கலில்லாமல் சுழலும், வேகம் கிடைக்கும், ஆனால் இறக்கத்தில் அடக்குவது கடினம். கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கிரிஸ் ஹோம் போன்ற மலைப்பாதை ஓட்டிகள் நீளத்தை விரும்புவதும், நெடுஞ்சாலையில் தூரம் போகிறவர்கள் குட்டையை விரும்புவதும் இதனால்தான். 20 அங்குல வண்டிக்குக் கடையிலேயே பொதுவாக 125 மில்லிமீட்டர் போட்டு வரும். பழகி முடிக்கும் வரை அதைத் தொடாதீர்கள்.

வண்டி வந்ததும் ஓட்டுவதற்கு முன்னால் ஒரு காரியத்தை நீங்களே பார்த்துச் செய்ய வேண்டும், ஏனென்றால் நல்ல சைக்கிள் மெக்கானிக்குகள்கூட இதில் தடுமாறுகிறார்கள். எங்கள் குடியிருப்பில் ஒரு பையன் வாங்கிய புது வண்டியைத் தெருமுனைக் கடையில் பூட்டிக் கொடுத்தார்கள். சக்கரத்தைத் தாங்கும் முள்கரண்டி போன்ற சட்டம் முன்னும் பின்னும் பார்க்க ஒரே மாதிரி இருந்ததால் சக்கரத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். இடப்பக்கப் பெடலின் மரை மட்டும் எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருக்கும். இடது கிராங்க் வலப்பக்கம் வந்துவிட்டால், முன்னோக்கி மிதிக்க மிதிக்க இரண்டு பெடல்களும் தாமாகவே கழன்றுகொண்டு வரும். அந்தப் பையன் ஏதோ ‘கட கட’ என்கிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு வாரம் ஓட்டியதில் கிராங்கின் உள்மரை வழித்துக்கொண்டு போய், கடைசியில் புதுக் கிராங்க்தான் வாங்க வேண்டியிருந்தது. பெடல் அச்சின் முனையில் இடது, வலது என்பதற்கான ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். கிராங்கிலும் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் உட்கார்ந்த நிலையில் இடது கால் பக்கம் இடது எழுத்து வர வேண்டும். எது முன்பக்கம் என்பதற்குச் சீட்டைப் பாருங்கள், பெரும்பாலும் கைப்பிடி உள்ள முனை முன்னால் வரும். கிராங்க் நட்டை நன்றாக இறுக்க வேண்டும். பேரிங்கைப் பிடிக்கும் மூடிகளின் போல்ட்டையோ அளவாகத்தான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் சக்கரம் தாராளமாகச் சுழலாது.

சீட் உயரம் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை, ஆனால் ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் தாழ்வாகவே வைக்கிறார்கள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கும், அதுவே சரியான அளவு. தாழ்ந்த சீட்டில் தொடை விரைவில் களைத்துப்போவதோடு, உடல் எடை முழுவதும் பெடலில் இறங்கிவிடும். டயரில் காற்று சற்று கெட்டியாகவே இருக்கட்டும். காற்று குறைந்த டயர் தரையை அப்பிப் பிடித்துக்கொள்வதால், இடுப்பைத் திருப்பினாலும் சக்கரம் திரும்ப மறுக்கும். மலைப்பாதை ஓட்டிகள் காற்றைக் குறைக்கச் சொல்வது கல்லிலும் வேரிலும் துள்ளாமல் இருக்கத்தான். சமதளத்தில் பழகும் உங்களுக்கு அது பொருந்தாது.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். சீட்டில் எடையை இறக்கி உட்காருவது எப்படியிருக்கும் என்று உடம்புக்குத் தெரியும் வரை சுவரோ கம்பிவேலியோ தேவை. அதற்கு மேல் பிடித்துக்கொண்டே இருந்தால் உடம்பு அந்தப் பக்கமே சாய்ந்து பழகிவிடும், பிறகு அதைத் திருத்துவது பெரும்பாடு. என்னைக் கேட்டால், சுவரைக் கிளம்புகிற இடமாக மட்டும் வைத்துக்கொண்டு, முதுகையோ கையையோ அதில் ஊன்றி ஏறி, அதை விட்டு விலகும் திசையில் ஓட்டிப் போவதே நல்லது. இரண்டு பக்கமும் ஆள் நின்று கைகொடுப்பது சுவரைவிட மேல். ஆனால் அவர்கள் உங்களைப் பிடிக்கக் கூடாது, நீங்கள்தான் அவர்கள் கையைப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் வேண்டியபோது விட்டுவிட முடியும்.

இதற்குப் பின்னால் உள்ள விசையியலைச் சொல்லிவிட்டால் பல யோசனைகளின் காரணம் விளங்கிவிடும். சமநிலை என்று ஒரே சொல்லாகச் சொல்கிறோமே தவிர, இங்கே இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. முன்னும் பின்னும் விழாமல் இருப்பது காலின் வேலை: உடம்பு முன்னால் சாயச் சாய, சக்கரத்தை அதன் அடியில் கொண்டுவந்து நிறுத்த மிதிக்க வேண்டும், பின்னால் சாய்ந்தால் மிதியை அடக்க வேண்டும். பக்கவாட்டில் விழாமல் இருப்பது இடுப்பின் வேலை: எந்தப் பக்கம் சாய்கிறோமோ அந்தப் பக்கமே சக்கரத்தைத் திருப்பி அடியில் கொண்டுவர வேண்டும். இந்த இரண்டாவது வேலை சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போது எளிது, நிற்கும்போது மிகக் கடினம். ஆகவேதான் ‘தயங்காமல் போ, தூரத்தில் பார்’ என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பயத்தில் மெதுவாகப் போகிறவர் பெடல் ஒன்று உச்சியிலும் மற்றொன்று அடியிலும் நிற்கும் நிலையில் மாட்டிக்கொள்வார். அங்கே எந்தக் காலுக்கும் பிடி கிடைக்காது. அரைச் சுற்று ஓட்டி, பெடல்கள் படுக்கைவாட்டில் வரும்போது ஒரு கணம் நிறுத்தி, மறுபடி அரைச் சுற்று ஓட்டு என்று சிலர் சொல்லும் பயிற்சி அந்த இடத்தைத் தாண்டுவதற்காகத்தான். ஆளைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை அதைச் செய்யலாம், கையை விட்ட பிறகு அது வேண்டாம் என்பதே என் எண்ணம், ஏனென்றால் வெட்டி வெட்டி மிதிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் வழுவழுப்பான சுற்று வர நாளாகிறது.

பின் பெடல் விவகாரத்தில் உங்களுக்குச் சொன்ன இருவரும் இரண்டு வெவ்வேறு ஏறும் முறைகளைச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு முறையில் உங்களுக்கு அருகிலுள்ள பெடலை வேண்டுமென்றே அழுத்துவீர்கள். சக்கரம் அரைச் சுற்று பின்னோக்கி உருண்டு உங்கள் அடியில் வரும், அழுத்திய கால் அடிவழியாக முன்னே வந்துவிடும், உடனே அதே காலால் மிதித்து முன்னால் கிளம்ப வேண்டும். இன்னொரு முறையில் அந்தப் பெடலில் எடையே வைக்கக் கூடாது. பெடலைப் படுக்கைவாட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி, பாதத்தை வெறுமனே அதன் மேல் வைத்து, தரையிலுள்ள காலால் எம்பி, நின்ற சக்கரத்தின் மேலேயே போய் உட்கார வேண்டும். முதல் முறையில் உடம்புக்குப் பயம் குறைவு, ஆனால் பின்னே போவதையும் முன்னே போவதையும் ஒரே மூச்சில் இணைப்பது தனிக் கலை. இரண்டாவதில் மனம் ஒப்ப நேரமாகும். ஒப்பிவிட்டால் எந்தச் சக்கரத்திலும், மேட்டிலும்கூட அதைக்கொண்டு ஏறலாம். டயருக்குப் பின்னால் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு இரண்டாவது முறையைப் பழகுங்கள். தெரியாமல் பெடலை அழுத்தினாலும் சக்கரம் பின்னால் உருளாது. அழுத்தத் தேவையில்லை என்று காலுக்குப் புரிந்த பிறகு செங்கல்லை எடுத்துவிடலாம். தரையிலிருந்து துணையில்லாமல் ஏறுவதும் 50 மீட்டர் ஓட்டுவதும் கூட்டமைப்பின் பத்துப் படித் திறன் வரிசையில் முதல் படியிலேயே வருகின்றன என்பதால், ஓட்டத் தெரிந்தும் ஏறத் தெரியாமல் வெகுநாள் இருந்துவிடாதீர்கள்.

வயதைப் பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் கேள்வியில் அது ஒளிந்திருக்கிறது. பிள்ளைகள் வேகமாகப் பழகுவது உண்மைதான். ஜப்பானில் தொடக்கப் பள்ளி மைதானங்களிலேயே இந்த வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. பெரியவர்களுக்குப் பத்திலிருந்து பதினைந்து மணி நேரப் பயிற்சியில் ஓரளவு ஓட்ட வந்துவிடும் என்பது ஓட்டுபவர்களிடையே பொதுவாக வழங்கும் கணக்கு. அதை ஒரே வாரக்கடைசியில் முடிக்கப் பார்க்காமல், தினமும் அரை மணி நேரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். களைத்த கால் தவறாகவே பழகும். விழுவதைப் பற்றிச் சொன்னால், முன்னால் விழுந்தால் பெரும்பாலும் காலில் நின்றுவிடலாம், வண்டி பின்னால் கிடக்கும். மணிக்கட்டுக்குக் காப்பும் தலைக்கவசமும் முதல் நாளிலிருந்தே வேண்டும். கூர்மையான ஊசி வைத்த உலோகப் பெடல் முன்னங்காலைக் கிழித்துவிடும் என்பதால் பிளாஸ்டிக் பெடலே போதும். ஷூ நாடாவை உள்ளே செருகிவிடுங்கள், அது கிராங்கில் சுற்றிக்கொண்டால் கால் தரைக்கு வராது. செருப்புடன் ஏறவே கூடாது.

இன்னும் ஓர் உபாதை இருக்கிறது, வெளிப்படையாகப் பேசக் கூச்சப்பட்டுப் பலர் பாதியில் விட்டுவிடுவது அதனால்தான். எடை முழுவதும் சீட்டில் இறங்குவதால் கவட்டுப் பகுதியில் வலியும் மரத்துப்போவதும் வரும். தையல் தடித்த ஜீன்ஸைத் தவிர்த்து, பஞ்சுவைத்த சைக்கிள் அரைக்கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். மரத்துப்போகத் தொடங்கினால் உடனே இறங்கி நடந்துவிட்டு ஏறுங்கள். சீட்டின் முன்முனையைச் சிறிது ஏற்றியோ இறக்கியோ பார்ப்பதில் பெரிய வித்தியாசம் தெரியும், அதில் மட்டும் யார் யோசனையும் உதவாது, உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறதோ அதுதான் அளவு.