தொழில் கேள்வி – பதில்: துணி எங்கே காத்துக் கிடக்கிறது?

கேள்வி: திருப்பூரில் நாற்பது தையல் இயந்திரங்களுடன் பனியன் கம்பெனி நடத்துகிறேன். நிட்டிங் (துணி பின்னுதல்), சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திப் பதப்படுத்துவது), பிரிண்டிங் எல்லாமே வெளியே ஜாப் ஒர்க்தான் (கூலிக்குச் செய்து தருவது). ஏற்றுமதி ஆர்டர்கள் தாமதமாகி, சில சமயம் சொந்தச் செலவில் விமானத்தில் அனுப்ப நேர்கிறது. கொள்முதல், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் இஆர்பி மென்பொருள் வாங்கினால் தீருமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். முதலில் ஒரு நாள் ஒதுக்கி, நிட்டிங் தொடங்கி பேக்கிங் வரை எல்லா இடங்களிலும் கிடக்கும் உங்கள் சரக்கைப் பீஸ் கணக்குக்கு மாற்றிக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை 30,000 பீஸ், நாளொன்றுக்குப் பெட்டியில் போவது 1,200 பீஸ் என்றால், இன்று நிட்டிங்கில் ஏறும் நூல் சரக்காக வெளியேற 25 வேலை நாட்கள் ஆகும். சாதாரண டி-ஷர்ட் ஒன்றைத் தைக்கப் பிடிக்கும் நேரமோ ஏறத்தாழ எட்டு நிமிடம்தான். எஞ்சிய காலமெல்லாம் துணி எங்கோ காத்துக் கிடக்கிறது. அந்த இடம் பெரும்பாலும் உங்கள் கூரைக்கு வெளியே இருப்பதால்தான் கண்ணில் படுவதில்லை.

தாமதத்தின் வேர் பல நேரம் எடையில் இருக்கிறது. 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) கேட்டு 170 வந்தால், ஆயிரம் பீஸுக்கென்று எடைக் கணக்கில் வாங்கிய துணியில் 941 பீஸ்தான் வெட்ட முடியும். இது காம்பாக்டிங் முடிந்த அன்றே தெரிந்திருக்க வேண்டிய செய்தி. ஆனால் கட்டிங் மாஸ்டர் துணியை விரித்து, வெட்டி முடித்து, “பீஸ் குறையுதுங்க” என்று சொல்லும்போதுதான் முதலாளிக்குத் தெரிகிறது. உடனே குறைந்ததை ஈடுகட்ட ஒரு சில்லறை லாட் (ஒரே தடவையில் சாயமிடும் துணித் தொகுதி) மறுபடியும் சாயத்துக்குப் போகிறது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறையில்தான் அவை இயங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு லிட்டர் தண்ணீருக்கும் சுத்திகரிப்புச் செலவு ஏறும் நிலையில், பட்டறைக்காரர் உங்கள் சிறு லாட்டைப் பின்னுக்குத் தள்ளுவதில் வியப்பில்லை. அது ஒருவழியாக வந்து சேர்ந்தாலும், பழைய லாட்டோடு ஷேடு (நிறச் சாயல்) ஒத்துப்போவது அரிது.

எனவே நூறு கிலோவுக்கு எத்தனை கிலோ திரும்ப வேண்டும் என்பதைச் சாயத்துக்கு அனுப்பும் முன்பே பேசி முடியுங்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி, ஜாப் ஒர்க்குக்குப் போன சரக்கு ஓராண்டுக்குள் திரும்பியாக வேண்டும் என்பதால் எப்படியும் டெலிவரி சலான் எழுதுகிறீர்கள். அதிலேயே லாட் எண், ரோல் எண்ணிக்கை, போன எடை, வந்த எடை, ஜிஎஸ்எம், தருவதாகச் சொன்ன தேதி, உண்மையில் தந்த தேதி ஆகியவற்றையும் சேர்த்துவிட்டால், மூன்று மாதத்தில் எந்தப் பட்டறை எத்தனை நாள் தாமதிக்கிறது என்பது உங்கள் கையில் இருக்கும். இந்தப் பழக்கம் படிந்த பிறகு மென்பொருள் வாங்கினால் அதற்குப் பயன் உண்டு. சலானே சரியாக எழுதாத இடத்தில் அது தவறான கணக்கை வேகமாகக் காட்டும், அவ்வளவுதான்.

கேள்வி: தையல் லைனின் எஃபிஷியன்சியை (வேலைத்திறனை) எப்படிக் கணக்கிடுவது? (அவிநாசி வாசகர்)

பதில்: ஒரு பீஸுக்கான நிர்ணய நிமிடத்தை (அதைத் தைக்க இவ்வளவு நேரம் என்று வகுத்த அளவை) உற்பத்தியால் பெருக்கி, வேலை பார்த்த மொத்த நிமிடங்களால் வகுக்க வேண்டும். இருபது பேர் 480 நிமிடம் வேலை பார்த்து, எட்டு நிமிட பீஸ் 600 எடுத்தால் 50 சதவீதம். இந்த எண்ணைப் பார்த்துத் தொழிலாளர்களை விரட்டுவதில் பலன் இல்லை. ஓவர்லாக் தையல் இயந்திரத்தில் தோள் இணைப்பு முடிந்த கட்டுகள் குவிந்து கிடக்க, கழுத்துப் பட்டி வைப்பவர் ஒருவரே திணறிக்கொண்டிருப்பார். அங்கே இன்னொருவரை உட்கார வைத்தால் லைன் முழுவதும் நகரும். பீஸ் ரேட் முறையில் தன் குவியல் உயர்வதே ஒவ்வொருவருக்கும் வருமானம் என்பதால், இந்தத் தேக்கத்தை லைனுக்குள் இருப்பவர் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். மேற்பார்வையாளர் மணிக்கொரு முறை நடந்து பார்த்து எண்ண வேண்டும்.

கேள்வி: அமெரிக்க பையர் பருத்தி எங்கே விளைந்தது என்று கேட்கிறார். தைத்துக் கொடுப்பவரிடம் இதைக் கேட்பது நியாயமா? (ஈரோடு வாசகர்)

பதில்: நியாயம் ஒருபுறம் இருக்கட்டும்; கேட்காமல் அவரால் இறக்குமதி செய்ய முடியாமல் போகலாம். சீனாவின் சின்ஜியாங் பகுதிப் பருத்தி கலந்த சரக்கைக் கட்டாய உழைப்பில் உருவானதாகவே கருதித் தடுக்கும் சட்டம் அங்கே 2022 ஜூன் 21 முதல் நடைமுறையில் உள்ளது. மில்லிடம் நூல் பில்லோடு பருத்தி வாங்கிய விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். நூலின் லாட் எண்ணை நிட்டிங் ரோலின் மேலேயே எழுதச் சொல்லுங்கள். இரண்டு மில் நூலை ஒரே இயந்திரத்தில் கலந்து ஓட்டிவிட்டால், பிறகு எந்தக் காகிதத்தைக் காட்டியும் அந்தத் துணியின் மூலத்தை நிரூபிக்க முடியாது.