கடனில் தவிக்கும் கால்பந்து கிளப் தன் ஹோம் மேட்ச்களை வேறு ஊருக்கு மாற்றினால், ரசிகர்கள் போய்ப் பார்க்க வேண்டுமா, புறக்கணிக்க வேண்டுமா?

பணத்தை மிச்சம் பிடிக்கத்தான் வெளியூர் போகிறோம் என்று ஒரு கிளப் சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். புறக்கணிப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஸ்டேடியம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது வேறு ஊர். பிழைக்க வந்தது இங்கிலாந்தின் கொவென்ட்ரிக்கு. கார் தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர். இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு வேளையில் கூட உட்காருபவர்கள் பேசுவது எல்லாம் கொவென்ட்ரி சிட்டி பற்றித்தான். அதுவும் கோல், ஃபவுல் பற்றி அல்ல. வாடகை, குத்தகை, வழக்கு, வட்டி! கால்பந்து ரசிகர்களா, கணக்குத் தணிக்கையாளர்களா என்று சந்தேகம் வரும். எட்டு வருஷத்துக்குள் இரண்டு முறை சொந்த ஊரை விட்டு வெளியே போய் ‘ஹோம் மேட்ச்’ ஆடிய கிளப் அது. அந்தக் கதையை வைத்துத்தான் பதில் சொல்லப்போகிறேன்.

1899 முதல் 2005 வரை கொவென்ட்ரிக்கு ஹைஃபீல்ட் ரோடு என்ற மைதானம் இருந்தது. 1987இல் டாட்டன்ஹாமை 3-2 என வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கி வந்ததெல்லாம் அந்தக் காலம்தான். தொண்ணூறுகளில் கையில் இருந்ததைவிட அதிகமாகச் செலவு செய்தார்கள். புது ஸ்டேடியம் எழும்பும் முன்பே பழைய மைதானத்தை விற்றார்கள். 34 வருஷம் முதல் டிவிஷனில் இருந்துவிட்டு 2001இல் கீழே இறங்கியதும் தொலைக்காட்சிப் பணம் வற்றிப்போனது. ஊர் கவுன்சிலும் ஹிக்ஸ் என்ற உள்ளூர் அறக்கட்டளையும் கைகொடுத்ததால்தான் புது ஸ்டேடியம் முடிந்தது. ஸ்டேடியத்தை நடத்தும் நிறுவனத்தில் தனக்கு இருந்த பாதிப் பங்கைக் கிளப் அந்த அறக்கட்டளைக்கே விற்றுவிட்டது. 2005இல் 32,000-க்கு மேல் இருக்கைகளோடு ரிக்கோ அரீனா திறந்தபோது, கொவென்ட்ரி சிட்டி அங்கே வெறும் வாடகைக்காரர்.

வாடகை வருஷத்துக்குச் சுமார் 12 லட்சம் பவுண்ட். அதைவிட மோசம், ஆட்ட நாளில் விற்கும் சாப்பாடு, பீர், கார் பார்க்கிங் வருமானத்தின் பெரும்பகுதி கிளப்புக்கு வராது. ஒரு கால்பந்து கிளப்புக்கு டிக்கெட் மட்டும் வருமானம் அல்ல. இருபதாயிரம் பேர் ஆளுக்கு ஒரு பீர் குடித்தால் அது யார் கல்லாவில் விழுகிறது என்பதும் கணக்குதான். அதனால் ‘வாடகை அநியாயம்’ என்று சொன்ன ரசிகர்கள் தவறாகச் சொல்லவில்லை. மூன்றாவது டிவிஷன் கிளப் தாங்கக்கூடிய தொகை இல்லை அது.

2007 டிசம்பரில், கிளப் திவாலாகும் விளிம்பில் இருந்தபோது, ஸிஸு என்ற லண்டன் முதலீட்டு நிறுவனம் வாங்கியது. 2012இல் அணி மூன்றாவது டிவிஷனுக்கு இறங்கியது. அதே ஏப்ரலில் கிளப் வாடகை கட்டுவதை நிறுத்தியது. ஸ்டேடியத்தை நடத்திய நிறுவனம் வாடகையைச் சுமார் 4 லட்சம் வரை குறைக்க முன்வந்தும் ஒத்துவரவில்லை. 2013 ஜனவரியில் கவுன்சில் 1 கோடியே 44 லட்சம் பவுண்டை அந்த நிறுவனத்துக்குக் கடனாகக் கொடுத்து, அதன் வங்கிக் கடனை அடைத்தது. மார்ச்சில் கிளப்பின் ஒரு பகுதி நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது, 10 புள்ளி வெட்டு. கோடையில் அறிவிப்பு வந்தது: இனி ஹோம் மேட்ச் நார்தாம்ப்டன் ஊரின் சிக்ஸ்ஃபீல்ட்ஸ் மைதானத்தில். கொவென்ட்ரியிலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல். மொத்தமே 7,600 பேர்தான் உட்காரலாம்.

சாப்பாட்டு மேஜையில் சண்டை இங்கேதான் ஆரம்பமாகும். ‘கவுன்சில்காரன் கொள்ளையடித்தான், கிளப் வேறு என்ன செய்யும்’ என்பார் ஒருவர். ‘ஸிஸு இருக்கும்வரை ஒரு பென்னி தரமாட்டேன்’ என்பார் இன்னொருவர். அந்த வாக்கியம் பேனர்களிலும் வந்தது. மூன்றாவது ஆள் எதுவும் பேசாமல் சனிக்கிழமை கிளம்பி நார்தாம்ப்டன் போய்விடுவார். ‘ஆடுகிற பசங்க என்ன பாவம் செய்தார்கள்’ என்பது அவர் கட்சி. அவரைத் துரோகி என்றவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவோடு போய்ப் பழகிய ஒரு மனிதர், அப்பா போன பிறகும் போகிறார். அவரிடம் போய் நிதி அறிக்கையைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

ஆனால் ‘செலவைக் குறைக்கத்தான்’ என்ற வாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 2012-13இல் ரிக்கோவில் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்தாயிரத்துக்கு மேல் கூட்டம். சிக்ஸ்ஃபீல்ட்ஸில் அது 2,400ஐக்கூடத் தொடவில்லை. ஆட்டத்துக்கு எட்டாயிரம் பேர் குறைவு என்று எடுத்துக்கொள்வோம். சலுகை டிக்கெட் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 15 பவுண்ட் என்று உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள். லீக்கில் 23 ஹோம் மேட்ச். பெருக்கினால் 27 லட்சத்து 60 ஆயிரம் பவுண்ட். 12 லட்சம் வாடகையைத் தவிர்க்க அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இழப்பு, போதாததற்கு நார்தாம்ப்டனுக்கும் வாடகை. நம் ஊரில் சொல்வார்களே, சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று, அந்தக் கதை.

ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு இந்தப் பெருக்கல் தெரியாமலா இருக்கும்? தெரியும். முக்கிய வாடகைக்காரர் வெளியேறினால் ஸ்டேடியத்தின் மதிப்பு விழும். விழுந்தால் மலிவாக வாங்கலாம். இது என் ஊகம் இல்லை. கவுன்சில் கொடுத்த கடன் சட்டவிரோதம் என்று ஸிஸு போட்ட வழக்கை 2014இல் தள்ளுபடி செய்த உயர் நீதிமன்ற நீதிபதி, வாடகையை நிறுத்தியதே ஸ்டேடிய நிறுவனத்தை நெருக்கி அதன் விலையைக் குறைக்கும் உத்தி என்ற கருத்தில்தான் தீர்ப்பு எழுதினார். ஆக, ரிக்கோவில் காலியாகக் கிடந்த முப்பதாயிரம் இருக்கைகளும் ஒரு பேரத்தில் வைத்த காய்கள்.

அதனால்தான் நார்தாம்ப்டன் விஷயத்தில் நான் புறக்கணித்தவர்கள் பக்கம். அவர்கள் சும்மா வீட்டில் உட்காரவும் இல்லை. சிக்ஸ்ஃபீல்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது, அதில் ஏறினால் ஆடுகளம் கொஞ்சம் தெரியும். டிக்கெட் வாங்காமல் அங்கே நின்று பாடினார்கள். அறுபதுகளில் இந்தக் கிளப்பைத் தூக்கி நிறுத்திய மேனேஜர் ஜிம்மி ஹில் பெயரை வைத்து அதை ‘ஜிம்மியின் மேடு’ என்றே அழைத்தார்கள், ஆங்கிலத்தில் ‘ஹில்’ என்றால் மேடுதானே. குசும்புக்குக் குறைச்சல் இல்லை.

நஷ்டம் மட்டும் நிஜம். அங்கே ஆடிய முதல் லீக் ஹோம் ஆட்டத்தில் பிரிஸ்டல் சிட்டியை 5-4 என வென்றார்கள். ஒன்பது கோல், பார்த்தவர்கள் சுமார் 2,200 பேர். கொவென்ட்ரியிலேயே பிறந்த கேலம் வில்சன் அந்த சீசனில் இருபதுக்கு மேல் கோல் அடித்தான். அடுத்த கோடையில் போர்ன்மத்துக்கு விற்றாயிற்று. பிறகு இங்கிலாந்து அணிக்கே ஆடினான். சொந்த ஊர்ப் பையன் வளர்ந்ததை ஊர் பார்க்கவில்லை. புறக்கணிப்பை ஆதரிக்கும் நான்கூட இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

2014 செப்டம்பரில் ரிக்கோவுக்குத் திரும்பி வந்தார்கள். கில்லிங்ஹாமோடு ஆட்டம், 27,000-க்கு மேல் கூட்டம். ரசிகர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டவர்களுக்கு அதுவே பதில். ஆனால் அடுத்த சில வாரங்களில் விழுந்த அடியை யாரும் எதிர்பார்க்கவில்லை. வாஸ்ப்ஸ் என்ற ரக்பி கிளப் வந்து ஸ்டேடிய நிறுவனத்தையே வாங்கிவிட்டது, 250 வருஷக் குத்தகையோடு. வாஸ்ப்ஸ் லண்டனில் பிறந்த கிளப். அப்போது ஹை விக்கமில் ஆடிக்கொண்டிருந்தது. சொந்த ரசிகர்களை அவ்வளவு தூரம் விட்டுவிட்டு வந்த ஒரு அணி, ஊரை விட்டுப் போய்த் திரும்பிய இன்னொரு அணிக்கு வீட்டுக்காரர் ஆனது. ஸிஸு நெருக்கிப் பலவீனமாக்கிய சொத்தை வேறு ஆள் அள்ளிக்கொண்டு போனார்.

வழக்கு மட்டும் ஓயவில்லை. ஒவ்வொரு நீதிமன்றமாக ஸிஸு தோற்றுக்கொண்டே போனது. வழக்கு தொடரும்வரை குத்தகை பேசமாட்டோம் என்று வாஸ்ப்ஸ் முறுக்கிக்கொண்டது. 2019இல் அணி மறுபடி வெளியே, இந்த முறை பர்மிங்ஹாமின் செயின்ட் ஆண்ட்ரூஸ்.

சுவாரசியம் என்னவென்றால், முதல் முறை ‘ஒரு பென்னி தரமாட்டேன்’ என்ற அதே நண்பர் இந்த முறை பர்மிங்ஹாமுக்கு ரயில் ஏறினார். ‘அன்றைக்கு வேண்டுமென்றே போனார்கள். இப்போது கதவைச் சாத்தியது வாஸ்ப்ஸ்’ என்றார். அவரைப் போலவே பலர். சராசரி ஆறாயிரத்துக்கு மேல் போனது. எனக்கு அந்த வாதத்தில் பாதிதான் சம்மதம், வழக்கை இழுத்துக்கொண்டிருந்தது கிளப் முதலாளிதானே. ரசிகர்கள் போனதற்கு நிஜக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். பர்மிங்ஹாம் பக்கம், ரயிலில் அரைமணிகூட ஆகாது. மார்க் ராபின்ஸ் மேனேஜராக இருந்து அணி ஜெயித்துக்கொண்டிருந்தது. அந்த சீசன் கொரோனாவால் பாதியில் நின்றபோது டிவிஷனில் முதலிடம். கொள்கை பேசுவதும் அணி ஜெயிக்கும்போது ஓடுவதும் ஒரே ரசிகன்தான், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

2021 ஆகஸ்டில் திரும்பினார்கள். முதல் ஆட்டத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டோடு பின்தங்கி இருந்து, கடைசி நிமிடத்தில் 2-1 வெற்றி. அதற்கடுத்த வருஷம் காமன்வெல்த் போட்டிக்கு ரக்பி செவன்ஸ் நடத்தி ஆடுகளத்தையே நாசமாக்கிவிட்டார்கள்; லீக் கோப்பை ஆட்டம் ஒன்றைப் பர்ட்டன் என்ற வேறு ஊரில் போய் ஆட வேண்டியதாயிற்று. வாடகைக்காரர் பிழைப்பு அப்படித்தான்! 2022 அக்டோபரில் வாஸ்ப்ஸே கடனில் மூழ்கித் திவாலானது. விளையாட்டுப் பொருள் கடைகளின் அதிபர் மைக் ஆஷ்லியின் ஃப்ரேசர்ஸ் குழுமம் ஸ்டேடியத்தை 1 கோடியே 70 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. 2023 தொடக்கத்தில் டக் கிங் என்ற தொழிலதிபர் ஸிஸுவிடமிருந்து கிளப்பை வாங்கினார். 2025 ஆகஸ்டில் கிளப் அந்த ஸ்டேடியத்தையும் வாங்கிவிட்டது. இருபது வருஷம் கழித்துச் சொந்தக் கூரை.

இது கொவென்ட்ரிக்கு மட்டும் நேர்ந்த விபத்து இல்லை. பிரைட்டன் கிளப் தன் மைதானத்தைக் கட்டிட நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, 1997இலிருந்து இரண்டு சீசன் கில்லிங்ஹாமில் ஆடியது. பிறகு ஒரு தடகள மைதானம். சொந்த ஸ்டேடியம் 2011இல்தான். லண்டனின் சார்ல்டன் கிளப் 1985இல் ‘தி வேலி’ என்ற தன் மைதானத்தை விட்டு, கிரிஸ்டல் பேலஸ் கிளப்பின் செல்ஹர்ஸ்ட் பார்க்குக்குப் போனது. திரும்பி வர கவுன்சில் அனுமதி மறுத்தபோது ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1990இல் கட்சி ஆரம்பித்து உள்ளாட்சித் தேர்தலில் நின்றார்கள். 14,838 ஓட்டு. 1992 டிசம்பரில் அணி வீடு திரும்பியது. இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல எதிர்ப்பு கிடையாது, ஏனென்றால் அவர்கள் யாரிடம் கேட்க வேண்டுமோ அவர்களிடம் போய்க் கேட்டார்கள்.

ஆகவே உங்கள் கிளப் இப்படி ஒரு அறிவிப்பு விட்டால், ரசிகர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு (சப்போர்ட்டர்ஸ் டிரஸ்ட்) மூலமாகச் சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். இப்போதைய மைதானம் யாருடையது, அதை வாங்கவோ விலை குறைக்கவோ பேச்சு நடக்கிறதா? போகும் இடத்தில் பீர், பார்க்கிங் காசு யாருக்கு? திரும்பும் தேதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா, வாய்ப்பேச்சா? லீக் அனுமதி என்ன நிபந்தனையோடு? கொவென்ட்ரி விஷயத்தில் லீக் 10 லட்சம் பவுண்ட் உத்தரவாதம் கேட்டது, அந்த மாதிரி ஏதாவது இருக்கிறதா? கூரை இடிகிறது, வெள்ளம் வந்தது, புது ஸ்டேடியம் கட்டுகிறார்கள், தேதியும் இருக்கிறது என்றால் தாராளமாகப் போங்கள், கூட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தேதியே இல்லாமல் ‘செலவு’ என்ற ஒரே பதில் வந்தால் நான் போகமாட்டேன். போகிறவரோடு சண்டையும் போடமாட்டேன். கேட்பதை மட்டும் சீசன் டிக்கெட் புதுப்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள். பணம் கட்டிய பிறகு பதில் சொல்ல அவர்களுக்கு அவசரம் இருக்காது.